காவலுக்கு வாங்கினார்கள், கராச்சிக்கு அனுப்பினார்கள்

இந்தியக் கடற்படையின் ஏவுகணைப் படகுகள்: அரை நூற்றாண்டு வரலாறு

1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோவியத் யூனியனிலிருந்து புறப்பட்ட சரக்குக் கப்பல்கள் கல்கத்தா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் மேல்தளத்தில் சாம்பல் நிறப் படகுகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. அவை வேலை பார்க்கவேண்டிய இடம் பம்பாய். ஆனால், ஏறத்தாழ 180 டன் எடையுள்ள ஒரு படகை அப்படியே தூக்கித் தண்ணீரில் இறக்கும் கிரேன் அன்றைய பம்பாயில் இல்லை. கல்கத்தாவில் இருந்தது. ஆகவே படகுகளைக் கல்கத்தாவில் இறக்கி, அங்கேயே கடற்படையில் சேர்த்தார்கள்.

அடுத்த கேள்வி, எட்டுப் படகுகளையும் பம்பாய்க்குக் கொண்டுபோவது எப்படி என்பது. சொந்த எஞ்சினில் ஓட்டிப்போனால், குறைந்த ஆயுள் கொண்ட அந்த அதிவேக டீசல் எஞ்சின்கள் வேலைக்கு முன்பே தேய்ந்துவிடும். எரிபொருளும் அவ்வளவு தூரத்துக்குப் போதாது. எனவே பெரிய கப்பல்களின் பின்னால் கயிறு கட்டி, தீபகற்பத்தைச் சுற்றி அரபிக்கடல்வரை இழுத்துச் சென்றார்கள்.

அந்த நீண்ட பயணம் கடற்படை அதிகாரிகளின் மனதில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்வரை இழுத்துவர முடிந்த படகைப் பம்பாயிலிருந்து கராச்சியை நோக்கி இழுத்துச் செல்ல முடியாதா?

ஓசா என்ற இந்த வகைப் படகுகளைத் துறைமுகக் காவலுக்காகத்தான் சோவியத் யூனியன் வடிவமைத்தது. இந்தியாவும் அதற்காகத்தான் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரின் இரண்டு இரவுகளில் அவை செய்தது வேறு. அந்த இரண்டு இரவுகளின் வீரம் அடிக்கடி பேசப்படுகிறது. வீரத்துக்கு முன்னால் நடந்த யோசனையும் அதே அளவு பேசப்பட வேண்டியது. இந்தப் படகுகளின் ஐம்பது ஆண்டு வரலாறு நெடுக வெற்றியை முடிவுசெய்தது அந்த யோசனைதான்.

உலகை உலுக்கிய அக்டோபர் மாலை

ஏவுகணைப் படகு என்ற எண்ணமே சோவியத் கடற்படையில் பிறந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்காவிடம் விமானந்தாங்கிக் கப்பல்களும் பெரும் போர்க்கப்பல்களும் குவிந்திருந்தன. அதே அளவில் கப்பல் கட்டிப் போட்டி போடும் நிலையில் மாஸ்கோ இல்லை. பெரிய கப்பலை மூழ்கடிக்கும் ஆயுதத்தைச் சிறிய படகில் ஏற்றலாம் என்று யோசித்தார்கள். ஐம்பதுகளின் இறுதியில், டார்பிடோ படகு ஒன்றின் உடலில் இரண்டு ஏவுகணைகளைப் பொருத்திக் ‘கோமார்’ படகை உருவாக்கினார்கள். அதன் பிறகு வந்தது நான்கு ஏவுகணை தாங்கும் ‘ஓசா’. இரண்டிலும் ஏற்றப்பட்டது பி-15 டெர்மித் ஏவுகணை. நேட்டோ நாடுகள் அதற்கு ‘ஸ்டிக்ஸ்’ என்று பெயர் வைத்தன.

மேற்கத்தியக் கடற்படைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீரங்கிக் காலத்துச் சிந்தனையிலேயே அவை ஊறியிருந்தன.

1967 அக்டோபர் 21 அன்று அந்த அலட்சியம் கலைந்தது. எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்துக்கு வெளியே இஸ்ரேலின் ஐலாத் என்ற நாசகாரிக் கப்பல் ரோந்து வந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்குள் நின்றபடியே எகிப்தின் கோமார் படகுகள் ஏவுகணைகளைச் செலுத்தின. நூறு டன்கூட இல்லாத படகுகள், 1,700 டன் நாசகாரியைக் கடலுக்கடியில் அனுப்பின. 47 மாலுமிகள் இறந்தார்கள். படகிலிருந்து ஏவிய ஏவுகணையால் ஒரு போர்க்கப்பல் மூழ்கியது அதுதான் முதல் முறை.

உலகக் கடற்படைகள் விழித்துக்கொண்டன. இஸ்ரேல் தன் ஏவுகணைப் படகுத் திட்டத்தை வேகப்படுத்தியது. அமெரிக்காவின் ஹார்ப்பூன், பிரான்சின் எக்ஸோசெட் ஏவுகணைத் திட்டங்களுக்கும் அந்தச் சம்பவம் வேகம் கொடுத்தது. இந்தியா எட்டு ஓசா படகுகளை வாங்க முடிவுசெய்தது. வினாஷ், வீர், வித்யுத், விஜேதா, நாஷக், நிபாத், நிர்பீக், நிர்காத் என்று அவற்றுக்குப் பெயர் சூட்டப்பட்டது.

படகுக்குள் ஒரு பார்வை

அந்த மாதிரிப் படகைப் பார்க்க விரும்புகிறவர்கள் கர்நாடகத்தின் கார்வாருக்குப் போகலாம். ஓசா வகையின் அடுத்த பதிப்பைச் சேர்ந்த ஐ.என்.எஸ். சபல், அங்கே ரவீந்திரநாத் தாகூர் கடற்கரையில் காட்சிக் கப்பலாகக் கரையேற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. பார்த்தவுடன் வியப்பூட்டுவது அதன் சிறிய உருவம். நீளம் 38.6 மீட்டர், அகலம் எட்டு மீட்டருக்கும் குறைவு. இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு ஏவுகணைக் குழாய்கள், மூக்கை மேலே தூக்கியபடி சாய்ந்து நிற்கின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரட்டைக் குழல் 30 மி.மீ. பீரங்கிகள். நடுவில் ரேடார் கம்பம். ஏவுகணைக் குழாய்களுக்கும் எஞ்சினுக்கும் இடம் கொடுத்தது போக மிச்சமிருந்த இடத்தில்தான் முப்பது பேர் வாழ வேண்டியிருந்தது.

1971-இல் போருக்குப் போன முதல் பதிப்பில் வட்டக் குழாய்க்குப் பதிலாகக் கதவு வைத்த பெட்டிக் கூடுகள் இருந்தன. மூன்று டீசல் எஞ்சின்கள் சேர்ந்து 12,000 குதிரைத் திறன் கொடுத்தன. வேகம் மணிக்கு 38 கடல் மைலுக்கும் மேல், அதாவது எழுபது கிலோமீட்டரைத் தாண்டும்.

படகின் உயிர் பி-15. ஒரு சிறு விமானத்தின் தோற்றமும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஏவுகணை. அதன் முனையில் 450 கிலோவுக்கு மேற்பட்ட வெடிமருந்து. படகின் ரேடாரில் எதிரிக் கப்பல் புள்ளியாகத் தெரிந்ததும் திசையையும் தூரத்தையும் கணித்து ஏவுகணைக்குக் கொடுப்பார்கள். கூட்டின் கதவு திறக்கும். திட எரிபொருள் பூஸ்டர் ஏவுகணையைப் படகிலிருந்து உந்தித் தள்ளிவிட்டுக் கழன்று விழும். அதன் பிறகு திரவ எரிபொருள் எஞ்சின் பொறுப்பேற்கும். ஒலியை விடச் சற்றுக் குறைந்த வேகத்தில் 40 கிலோமீட்டர்வரை பறக்கும். இலக்கை நெருங்கும்போது ஏவுகணையின் மூக்கிலிருக்கும் சொந்த ரேடார் விழித்துக்கொண்டு, முன்னால் தெரியும் கப்பலைத் தானாகத் தேடிப் பிடிக்கும். ஏவிய பிறகு படகுக்கு வேலை இல்லை. திரும்பி ஓடிவிடலாம்.

இதைக் கையாள்வது ஆபத்தான வேலை. ஏவுகணையின் எரிபொருளும் அமிலத்தன்மை கொண்ட ஆக்சிஜனூட்டியும் ஒன்றை ஒன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். இரண்டுமே உடலுக்கு நஞ்சு. பாதுகாப்பு உடையும் முகமூடியும் அணிந்துதான் அவற்றை நிரப்ப வேண்டும்.

இந்தப் பயிற்சிக்காக இந்திய அதிகாரிகளும் மாலுமிகளும் சோவியத்தின் கிழக்குக் கோடியிலுள்ள விளாடிவோஸ்டாக்கில் பல மாதங்கள் தங்கினார்கள். கடல் உறைந்து கிடக்கும் குளிர். வகுப்புகள் ரஷ்ய மொழியில். முதலில் மொழியைப் படித்து, பிறகு படகைப் படித்தார்கள். அந்த ரஷ்ய மொழி பின்னால் போரிலும் உதவியது. கராச்சி இரவுகளில் படகுகள் வானொலியில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டதாகப் போரில் பங்கேற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1965 விட்டுச் சென்ற வலி

கராச்சியைத் தாக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள ஆறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1965 செப்டம்பர் 7 இரவு, பாகிஸ்தான் கடற்படையின் ஏழு கப்பல்கள் குஜராத் கரைக்கு வந்து துவாரகை மீது குண்டு வீசிவிட்டுத் திரும்பின. ஊருக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால், இந்தியக் கடற்படையால் பதிலடி கொடுக்க முடியவில்லை. போர்பந்தருக்கு வடக்கே போகக் கூடாது என்று அரசு அதைக் கட்டிப்போட்டிருந்தது. அந்தப் போர் முடியும்வரை கடற்படை ஒதுங்கியே நின்றது. சீருடை அணிந்தவர்களுக்கு அது ஆறாத காயம்.

1970-இல் கடற்படைத் தளபதியான அட்மிரல் எஸ்.எம். நந்தாவுக்குக் கராச்சி அந்நிய ஊர் அல்ல. அந்தத் துறைமுகத்தின் வாசலிலுள்ள மனோரா தீவில் வளர்ந்தவர் அவர். கப்பல் எந்த வழியாக உள்ளே வரும், எண்ணெய் டாங்குகள் எங்கே நிற்கின்றன, நகரத்தின் மூச்சு எந்தத் துறைமுகத்தை நம்பியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அன்று மேற்குப் பாகிஸ்தானின் கடல் வணிகத்துக்குக் கராச்சி ஒன்றுதான் பெரிய வாசல். கடற்படைத் தலைமையகமும் அங்கேதான். எண்ணெய்க் கிடங்கும் அங்கேதான்.

போர் மேகம் சூழ்ந்த 1971 அக்டோபரில் நந்தா பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்தார். கராச்சியைத் தாக்கினால் அரசியல்ரீதியாக மறுப்பு ஏதும் உண்டா என்று நேரடியாகக் கேட்டார். போர் என்று வந்துவிட்டால் போர்தான் என்ற பொருளில் பிரதமர் பதில் சொன்னார். 1965-இல் போட்ட கட்டு அவிழ்ந்தது.

மிச்சமிருந்தது எப்படி என்ற கேள்வி. பெரிய கப்பல்கள் கராச்சியை நெருங்கினால் பாகிஸ்தான் விமானப்படை பகலில் விட்டுவைக்காது. ஏவுகணைப் படகுகள் சிறியவை, வேகமானவை, இருட்டில் கண்ணுக்குச் சிக்காதவை. ஆனால் தொலைதூரம் போகமாட்டா. அவற்றின் ரேடாரும் வானொலியும் தனியாகப் போர் நடத்தும் அளவுக்கு இல்லை. இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டார்கள். இழுத்துச் செல்லும் ஒத்திகைகள் நடந்தன. எண்ணெய் ஊட்ட ‘போஷக்’ என்ற டேங்கர் சேர்க்கப்பட்டது. வழிகாட்டவும் கண்காணிக்கவும் நல்ல ரேடார் உள்ள கில்டான், கச்சால் ஆகிய இரண்டு கார்வெட் கப்பல்கள் துணைக்கு வந்தன. பாகிஸ்தான் விமானங்களுக்கு இரவில் கடலில் தாக்கும் திறன் குறைவு என்பதால், பகலில் எட்டாத தொலைவில் காத்திருந்து இருட்டியதும் பாய்வது, விடிவதற்குள் வெளியேறிவிடுவது என்று நேரம் குறித்தார்கள்.

டிசம்பர் 4 இரவு

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. போர் தொடங்கியது. மறுநாளே ‘டிரைடென்ட்’ நடவடிக்கைக்கு உத்தரவு பறந்தது.

நிர்காத், நிபாத், வீர் ஆகிய மூன்று படகுகள் தேர்வாயின. 25-ஆவது ஏவுகணைப் படகு அணியின் தலைவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ் தாக்குதலுக்குத் தலைமை ஏற்றார். கில்டானை நடத்தியவர் கமாண்டர் கே.பி. கோபால் ராவ். மதுரையில் பிறந்த அவர், 2021 ஆகஸ்டில் சென்னையில் தமது 94-ஆவது வயதில் காலமானார். அந்த இரவுக்காக யாதவ், கோபால் ராவ் இருவருக்கும் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

பகல் முழுவதும் கராச்சிக்குத் தெற்கே 250 கடல் மைல் தொலைவில் காத்திருந்த அணி, பொழுது சாய்ந்ததும் வடக்கே திரும்பியது. இரவு பத்தரை மணியளவில் ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன. லெப்டினன்ட் கமாண்டர் ஐ.ஜே. சர்மாவின் நிர்காத் வடமேற்கே விரைந்து, பெரிய புள்ளியைக் குறிவைத்து முதல் ஏவுகணையைச் செலுத்தியது.

அந்தப் புள்ளி, பாகிஸ்தானின் நாசகாரி கைபர். பிரிட்டன் கட்டிய, முன்பு காடிஸ் என்று பெயர் கொண்ட கப்பல். 1965-இல் துவாரகைக்கு வந்த கப்பல்களில் அதுவும் ஒன்று. வானத்தில் நெருங்கிவரும் வெளிச்சத்தைப் பார்த்த கைபரின் மாலுமிகள் அதை விமானம் என்று நினைத்தார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கியால் சுட்டார்கள். ஏவுகணை கப்பலின் வலப்பக்கத்தைத் துளைத்தது. கொதிகலன் அறையில் வெடிப்பு, மின்சாரம் போய்விட்டது, கப்பல் நின்றது. எதிரி விமானம் தாக்கியதாகத்தான் அந்த நிலையிலும் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். சில நிமிடங்களில் இரண்டாவது ஏவுகணை வந்தது. கைபர் மூழ்கியது. 222 பேர் இறந்தார்கள். அவசரத்தில் கப்பலின் இருப்பிடமும் தவறாகச் சொல்லப்பட்டதால் மீட்புப் படகுகள் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தன. தாக்கியது எது என்றே தெரியாமல் அந்த மாலுமிகள் கடலில் மாண்டார்கள்.

லெப்டினன்ட் கமாண்டர் பி.என். கவினாவின் நிபாத், வீனஸ் சேலஞ்சர் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. பாகிஸ்தானுக்கு வெடிமருந்து கொண்டுவந்த கப்பல் அது என்பது இந்தியத் தரப்பின் பதிவு. ஷாஜகான் என்ற நாசகாரியும் பலத்த சேதம் அடைந்ததாக அதே பதிவு சொல்கிறது. லெப்டினன்ட் கமாண்டர் ஓ.பி. மேத்தாவின் வீர், முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலை அடித்தது. சிறிய கப்பல், ஒரே ஏவுகணை. உதவி கேட்டு ஒரு செய்தி அனுப்பக்கூட அவகாசம் இல்லாமல் 33 பேருடன் அது மறைந்தது. கைபரைத் தேடி வந்த படகுகள் முஹாஃபிஸில் பிழைத்தவர்களைத் தற்செயலாகக் கண்டெடுத்த பிறகே, அப்படி ஒரு கப்பல் போய்விட்டது என்பது கராச்சிக்குத் தெரிந்தது.

நிபாத் அதோடு நிற்கவில்லை. துறைமுகத்தை இன்னும் நெருங்கி, சுமார் 14 கடல் மைல் தொலைவிலிருந்து கெமாரி எண்ணெய்க் கிடங்கை நோக்கி ஏவியது. கடலில் கப்பலைத் தேடுவதற்காகச் செய்த ஏவுகணை, கரையிலுள்ள எண்ணெய் டாங்குகளைத் தாக்கியது. அதே நாளில் இந்திய விமானப்படையின் ஹன்டர் விமானங்களும் கெமாரி டாங்குகளைத் தாக்கியிருந்தன. எந்தத் தீ யாருடையது என்ற விவாதம் இரு படைகளின் பழைய வீரர்களிடையே நெடுங்காலம் நடந்தது. கராச்சியின் எண்ணெய் எரிந்தது என்பதில் விவாதம் இல்லை.

தாக்கிய அணியில் ஒருவர்கூட இறக்கவில்லை. மூன்று படகுகளும் திரும்பிவந்தன. 1972 முதல் டிசம்பர் 4, கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நான்கு நாள் கழித்து வினாஷ்

அந்தத் தாக்குதல் கிளப்பிய பீதி கராச்சியில் இன்னொரு துயரத்துக்கும் காரணமானது. டிசம்பர் 6 அதிகாலை, கடலைக் கண்காணித்த பாகிஸ்தான் விமானம் ஒன்று, ஏவுகணைப் படகு வருவதாகச் சொன்னது. சேபர் விமானங்கள் பறந்துவந்து சுட்டன. சுடப்பட்டது அவர்களுடைய சொந்தப் போர்க்கப்பல் சுல்ஃபிகார். படகுகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தேடிய பாகிஸ்தான் விமானப்படை, குஜராத்தின் ஓகா துறைமுகத்தையும் அங்கிருந்த எரிபொருள் வசதியையும் தாக்கியது.

டிசம்பர் 8 இரவு ‘பைத்தான்’ நடவடிக்கை. இந்த முறை ஒரே ஒரு படகு. லெப்டினன்ட் கமாண்டர் விஜய் ஜெரத்தின் வினாஷ், திரிசூல், தல்வார் ஆகிய இரண்டு ஃபிரிகேட் கப்பல்களின் துணையோடு புறப்பட்டது. கடல் கொந்தளித்தது. அலை உயர்ந்தால் சிறு படகில் ரேடார் திரையைப் பார்ப்பதே கடினம். சீராக நின்று ஏவுவது அதைவிடக் கடினம். இரவு பதினோரு மணி வாக்கில், கராச்சிக்கு 12 கடல் மைல் தெற்கே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல் கூட்டத்தை வினாஷ் கண்டது. நான்கு ஏவுகணைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏவியது.

ஒன்று மீண்டும் கெமாரியில் விழுந்து எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. பனாமா கொடி தாங்கிய கல்ஃப் ஸ்டார் மூழ்கியது. பாகிஸ்தான் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் டாக்காவும் பிரிட்டிஷ் கப்பல் ஹர்மட்டானும் பலத்த சேதமடைந்தன. கராச்சியின் தீ பல நாள் அணையவில்லை. துறைமுகத்தில் சிக்கிக்கொண்ட பிற நாட்டுக் கப்பல்கள் பாதுகாப்பாக வெளியேற வழி கேட்டன. கராச்சிக்கு வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. படகுகளில் ஒன்றும் சேதமாகாமல் ஒரு நாட்டின் கடல்வாசல் அடைபட்டது.

அடுத்த நாள் இரவே போரின் இன்னொரு முகம் தெரிந்தது. டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அருகே பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி, ஐ.என்.எஸ். குக்ரியை டார்பிடோவால் மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் 17 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். கராச்சி மீது திட்டமிட்டிருந்த மூன்றாவது ஏவுகணைத் தாக்குதல் கைவிடப்பட்டது. நீருக்கு மேலே ஏவுகணைப் படகுகள் நிகரற்று நின்றதும் நீருக்கடியிலிருந்து வந்த ஆபத்துக்குக் கடற்படை விலை கொடுத்ததும் ஒரே வாரத்தில் நடந்தவை. இந்தப் போரைப் பற்றி எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு மகாவீர் சக்ரா, ஏழு வீர் சக்ரா, எட்டு நௌசேனா பதக்கம் எனப் படகு அணிக்கு விருதுகள் வந்தன. ‘கில்லர்ஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஏவுகணைக்கு மாற்று

கராச்சியில் பி-15 ஏவுகணைகளுக்குத் தடையே இருக்கவில்லை. எதிரில் இருந்த கப்பல்களிடம் அதை ஏமாற்றும் கருவி எதுவும் கிடையாது. அந்தச் சாதகம் இரண்டே ஆண்டில் முடிவுக்கு வந்தது.

1973 அக்டோபர் 7 அன்று சிரியாவின் லதாக்கியா துறைமுகத்துக்கு வெளியே ஏவுகணைப் படகுகள் ஒன்றோடொன்று மோதிய முதல் கடற்சண்டை நடந்தது. சிரியாவிடம் இருந்தவை அதே ஓசா, கோமார் படகுகள், அதே பி-15. ஐலாத்தை இழந்த இஸ்ரேல் ஆறு ஆண்டுகள் அந்த ஏவுகணையைப் பற்றியே யோசித்திருந்தது. அதன் ரேடாரைக் குழப்பும் மின்னணுக் கருவிகளும் வானில் தூவும் உலோகத் தகடுகளும் தயாராக இருந்தன. சிரியாவின் ஏவுகணைகள் வழிதவறிக் கடலில் விழுந்தன. ஐந்து சிரியக் கப்பல்கள் மூழ்கின. இஸ்ரேலுக்கு இழப்பில்லை.

1991 வளைகுடாப் போரில் அடுத்த அடி விழுந்தது. புபியான் தீவுக்கு அருகே ஈராக்கின் ஏவுகணைப் படகுகளைப் பிரிட்டிஷ் லின்க்ஸ் ஹெலிகாப்டர்கள் வானிலிருந்தே அடித்து நொறுக்கின. மேலே பாதுகாப்பு இல்லாத படகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் தப்பாது என்பது அங்கே தெரிந்தது.

இந்த மாற்றங்களுக்கு நடுவேதான் இந்தியக் கடற்படை தன் படகுகளை வளர்த்தது. 1976-77-இல் எட்டு ஓசா-2 படகுகள் வந்தன. கார்வாரில் நிற்கும் சபல் அவற்றில் ஒன்று. எழுபதுகளின் பிற்பகுதியில் விஜயதுர்க், சிந்துதுர்க், ஹோஸ்துர்க் என்ற மூன்று கார்வெட்டுகள் சேர்ந்தன. பாகிஸ்தானும் எண்பதுகளில் சீனாவிடமிருந்து ஓசா, கோமார் சாயலிலான படகுகளை வாங்கியது. தன்னை அடித்த ஆயுதத்தையே அது கையில் எடுத்தது.

1987 முதல் வந்த புதிய ‘வீர்’ வகை, அளவிலேயே வேறு தலைமுறை. நீளம் 56 மீட்டர், எடை நானூறு டன்னுக்கு மேல், டீசலுக்குப் பதில் காஸ் டர்பைன், முன்னால் 76 மி.மீ. பீரங்கி. முதல் ஐந்து சோவியத் யூனியனில் உருவானவை. 1991-இல் சேர்ந்த விபூதியிலிருந்து மும்பை மஸகான் டாக்கும் கோவா ஷிப்யார்டும் கட்டத் தொடங்கின. கல்கத்தாவின் கிரேனுக்குக் காத்திருந்த கடற்படை, இருபது ஆண்டில் சொந்தத் தளத்தில் ஏவுகணைக் கப்பல் கட்டிவிட்டது. வீர், நிபாத், நிர்காத், வினாஷ் என்று 1971-இன் பெயர்களைப் புதிய கப்பல்களுக்குச் சூட்டினார்கள். அதே 1991 அக்டோபரில் மும்பையில் 22-ஆவது ஏவுகணைக் கப்பல் அணி முறைப்படி அமைக்கப்பட்டது.

2002-இல் சேர்ந்த பிரபல், பிரளய் இரண்டிலும் நான்கு பெரிய ஏவுகணைகளுக்குப் பதிலாகப் பதினாறு சிறிய யூரான் ஏவுகணைகள் ஏறின. எதிரி ஒன்றிரண்டை ஏமாற்றினாலும் மற்றவை போய்ச் சேரட்டும் என்ற கணக்கு அது. லதாக்கியாவின் பாடம் இந்தியக் கப்பல்களின் மேல்தளத்தில் இப்படித்தான் உருவம் பெற்றது.

இழப்பும் உண்டு. 2006 ஏப்ரல் 22 இரவு கோவா கடலில் ஐ.என்.எஸ். பிரஹார் ஒரு கன்டெய்னர் கப்பலோடு மோதி மூழ்கியது. மாலுமிகள் அனைவரும் மீட்கப்பட்டார்கள்.

வீர், நிபாத் 2016-இலும், நிர்பீக், நிர்காத் 2018-இலும், நிஷாங்க் 2022-இலும் ஓய்வு பெற்றன. 2021 டிசம்பர் 8 அன்று, வினாஷின் இரவுக்குச் சரியாக ஐம்பது ஆண்டு ஆனபோது, மும்பையில் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 22-ஆவது அணிக்குக் குடியரசுத் தலைவர் கொடியை வழங்கினார்.

படகையே வேட்டையாடும் படகு

இந்த வகைக் கப்பலுக்கு இனி வேலை உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கருங்கடலின் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா என்ற ஏவுகணைக் குரூசரை மூழ்கடித்த உக்ரைனின் நெப்டியூன் ஏவுகணைகள், படகிலிருந்து வந்தவை அல்ல. கரையில் லாரியில் ஏற்றி ஏவப்பட்டவை. பிரபலிலும் பிரளயிலும் உள்ள யூரானின் வழித்தோன்றல் அந்த நெப்டியூன். ஆயுதம் படகை விட்டு இறங்கிக் கரைக்கு வந்துவிட்டது.

2024 பிப்ரவரி தொடக்கத்தில் நடந்தது அதைவிடக் கூர்மையானது. கிரீமியாவின் டோனுஸ்லாவ் ஏரியில் நின்ற ரஷ்யாவின் இவானோவெட்ஸ் என்ற ஏவுகணைக் கப்பலை, உக்ரைனின் மகுரா என்ற ஆளில்லாப் படகுகள் கூட்டமாகப் பாய்ந்து மூழ்கடித்தன. இவானோவெட்ஸ், இந்தியாவின் வீர் வகையும் சேர்ந்திருக்கும் அதே தாரன்துல் குடும்பக் கப்பல். ஆள் ஏறாத, ஓட்டுநர் தேவைப்படாத சிறிய படகுகள் அதை அழித்தன. ஐலாத்துக்கு எதிரே கோமார் சிறியது; இவானோவெட்ஸுக்கு எதிரே அவை அதைவிடவும் சிறியவை.

இந்தியா ஏவுகணைக் கப்பல்களைக் கைவிடவில்லை. 2023 மார்ச் 30 அன்று, புதிய தலைமுறை ஏவுகணைக் கப்பல்கள் ஆறு கட்டப் பாதுகாப்பு அமைச்சகம் கொச்சி கப்பல் கட்டும் தளத்தோடு சுமார் 9,805 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. 2027 மார்ச் முதல் அவை கடற்படைக்குக் கிடைக்கத் தொடங்கும் என்பது அட்டவணை. ஒலியை விட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும் பிரம்மோஸ் ஏவுகணை அவற்றின் முதன்மை ஆயுதமாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. எதிரிப் போர்க்கப்பல்களையும் வணிகக் கப்பல்களையும் கரை இலக்குகளையும் தாக்குவது, குறுகிய கடல்வழிகளை எதிரிக்கு அடைத்துவைப்பது, கரையோர எண்ணெய் வயல்களைக் காப்பது ஆகியவை அவற்றுக்குக் குறிக்கப்பட்ட வேலைகள்.

காகிதத்தில் எல்லாமே வலுவாகத் தெரிகிறது. இவானோவெட்ஸுக்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நீரின் மட்டத்தோடு ஒட்டி இரவில் வரும் ஆளில்லாப் படகை இந்தக் கப்பலின் ரேடார் எவ்வளவு தொலைவில் காணும்? ஒரே நேரத்தில் ஐந்தாறு வந்தால் எத்தனையைச் சுட முடியும்? தொலைவிலுள்ள இலக்கை பிரம்மோஸுக்குக் காட்டப்போகும் கண் எது: கண்காணிப்பு விமானமா, ஹெலிகாப்டரா, செயற்கைக்கோளா, கப்பலே தூக்கிச்செல்லும் ட்ரோனா? ஏவுகணையை வாங்குவதில் காட்டும் வேகம், அதை வழிநடத்தும் கண்களையும் கப்பலைக் காக்கும் கேடயத்தையும் வாங்குவதிலும் இருக்க வேண்டும். 1971-இல் ஓசா படகின் ஒவ்வொரு குறைக்கும் நந்தாவின் அதிகாரிகள் போருக்கு முன்பே மாற்று தேடினார்கள். கொச்சியில் இப்போது உருவாகிவரும் ஆறு கப்பல்களுக்கும் அதே தேடல் தேவை. அவை கடலில் இறங்கும்வரை அதற்கு அவகாசம் இருக்கிறது.